திருகோணமலை உப்புவெளியில் வீட்டுப் பின்வளவில் தச்சுக் கொட்டில்: தூசி உறிஞ்சும் ஏற்பாட்டை எப்படி அமைப்பது?

நீங்கள் கொடுத்த விபரம் இது: 12க்கு 16 அடிக் கொட்டில், கல் சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை. உள்ளே 10 அங்குல டேபிள் சோ (மேசை வாள்), 12 அங்குல திக்னஸர் (பலகையைச் சீவித் தடிப்பைச் சமப்படுத்தும் மெஷின்), மைட்டர் சோ (குறுக்கே அறுக்கும் வாள்), ஓர்பிட்டல் சான்டர் (மணல்தாள் மெஷின்). வேலை அநேகமாகத் தேக்கிலும் முதிரையிலும், இடைக்கிடை எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). தூசி உறிஞ்ச எந்த மெஷின் வாங்குவது, என்ன ஃபில்டர் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபில்டரில் தொடங்குகிறேன். உங்களுக்கு அது அநேகமாகத் தேவையில்லை. இணையத்தில் பார்க்கும் கொட்டில்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் உள்ளவை. அங்கே காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராது. அதனால் வடிகட்டித் திரும்பவும் உள்ளேயே விடுகிறார்கள். திருகோணமலையில் அந்தத் தேவை ஏது? உறிஞ்சிய காற்றை வெளியே தள்ளிவிட்டால், ஃபில்டரால் பிடிக்க முடியாத நுண்தூசியும் சேர்ந்தே போய்விடும். அந்தக் காசைக் காற்றை உறிஞ்சித் தள்ளும் பெரிய ப்ளோவருக்கும் நல்ல குழாய்க்கும் போடுங்கள்.

நுண்தூசியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தில் விழும் சீவலைக் கூட்டி அள்ளிவிடலாம். 10 மைக்ரோனுக்கு, அதாவது மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கு, குறைந்த தூசி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் வகைப் புற்றுநோய்க் காரணியாகவே வைத்திருக்கிறது. மூக்கிலும் சைனஸிலும் வரும் புற்றுநோய் அதில் முக்கியமானது. பிரித்தானியா 2020இல் வன்மரத் தூசிக்கான உச்ச அளவை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 3 மில்லிகிராமாகக் குறைத்தது. முதிரைத் தூள் தோலில் பட்டுக் கடியும் தடிப்பும் உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட விஷயம். தேக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இனி ப்ளோவர். குழாய்க்குள் சீவல் படியாமல் ஓட வேண்டுமென்றால் காற்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். நமது கடைகளில் கிடைக்கும் 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் இந்த வேகம் கிடைக்க மணிக்கு ஏறத்தாழ 620 கன மீற்றர் காற்று ஓட வேண்டும். ப்ளோவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு குழாயும் பையும் இல்லாமல் எடுத்தது. அதில் பாதியை மட்டும் நம்புங்கள். அதனால் 1 குதிரைவலு மெஷின் விளிம்பில்தான் நிற்கும். 2 குதிரைவலு எடுங்கள். மோட்டார் முழுதாக மூடிய வகையா என்று பாருங்கள். காற்றுத் துவாரம் உள்ள மோட்டாருக்குள் உப்பும் மரத்தூளும் சேர்ந்து புகுந்தால் சுற்றுக்கம்பி நெடுநாள் தாங்காது.

பெரிய குழாய்தான் நல்லது என்று 160 மில்லிமீற்றரில் பிரதான குழாய் போடச் சொல்பவர்கள் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மெஷின் ஓட்டும் பட்டறைக்கு அது சரி. நீங்கள் தனியாள், ஒரு நேரத்தில் ஒரு வாயில்தான் திறந்திருக்கும். அந்த 620 கன மீற்றர் காற்று 160 குழாய்க்குள் போனால் வேகம் செக்கனுக்கு 9 மீற்றர் அளவுக்கு விழுந்துவிடும். திக்னஸர் சீவல் அடியில் படுத்து, நாளடைவில் குழாயை அடைக்கும். ஆகவே முழுக்க 110ஐயே போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள். ப்ளோவரை 16 அடிச் சுவரின் நடுவில், வெளிப்பக்கம், சிறு தகரக் கூரையின் கீழ் வைத்தால் அந்தச் சுவரோரம் நிற்கும் மெஷின்கள் ஏழெட்டு அடிக்குள் வந்துவிடும், சத்தமும் வெளியே போய்விடும்.

குழாய் வேலையில் இவற்றைக் கவனியுங்கள். 90 பாகை முழங்கைக்குப் பதில் இரண்டு 45ஐ, நடுவில் ஒரு சாண் நேர்க்குழாய் விட்டுச் சேருங்கள். கிளை பிரியும் இடத்தில் டீ (T) வடிவத் துண்டு வேண்டாம், வை (Y) வடிவத் துண்டு போடுங்கள், அதன் கிளை காற்று போகும் திசைக்குச் சாய்ந்திருக்க வேண்டும். நெளிகுழாய் அதே நீள நேர்க்குழாயைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடை கொடுக்கும். மெஷின் அசைய வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மீற்றருக்குள் போடுங்கள். மூட்டுகளைப் பி.வி.சி. பசையால் ஒட்டிவிட வேண்டாம். அடைத்தால் கழற்ற வழி வேண்டும். தள்ளிப் பொருத்தி, ஒரு சிறு ஸ்க்ரூ அடித்து, மேலே அலுமினிய டேப் சுற்றினால் போதும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் உள்ளே நீட்டிய முனையில் சீவல் நாராகச் சிக்கி அங்கிருந்தே அடைப்பு தொடங்கும். மெஷின் வாய் 100 மில்லிமீற்றர், குழாயின் உள்விட்டம் 105 அளவில் இருக்கும். குழாய் முனையை ஹீட் கன்னால் இளக்கி வாயைச் சுற்றி அமர்த்திக் கொள்ளலாம். ஒவ்வொரு கிளைக்கும் திறந்து மூட ஒரு நழுவு கதவு கட்டாயம். 6 மில்லிமீற்றர் பிளைவுட்டில் நீங்களே செய்யலாம். கதவு ஓடும் பள்ளத்தின் மூலையில் தூள் நிறைந்தால் முழுதாக மூடாது, மூலையைத் திறந்தே விடுங்கள்.

ப்ளோவருக்கு முன்னால் ஒரு பிரிப்பான் வைத்தால் சீவல் விசிறியில் அடிபடாது. 200 லீற்றர் இரும்பு பீப்பாய் எடுங்கள். பெயின்ட் வாளி போன்ற பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். குழாய் ஒரு தடவை அடைத்தாலே இழுவையில் நசுங்கும். பீப்பாய் மூடிக்குக் கீழே 120 மில்லிமீற்றர் தள்ளி ஒரு பிளைவுட் தட்டைத் தொங்கவிடுங்கள். தட்டின் விளிம்பில் 240 பாகைக்கு 28 மில்லிமீற்றர் அகலமாக வெட்டியெடுங்கள். மிச்ச 120 பாகை முழு விளிம்பாகப் பீப்பாய்ச் சுவரைத் தொட்டபடி, காற்று நுழையும் வாய்க்கு நேர் கீழே வர வேண்டும். உள்வரும் குழாய் பக்கச் சுவரை ஒட்டி நுழையட்டும். வெளிச்செல்லும் குழாய் மூடி நடுவில் இறங்கி, தட்டுக்கு 60 மில்லிமீற்றர் மேலே நிற்கட்டும். காற்று சுழலும்போது சீவல் விளிம்புக்கு ஒதுங்கி வெட்டு வழியே கீழே விழும். மூடியின் விளிம்பில் ஊசி அளவு கசிவு இருந்தாலும் விழுந்த தூள் திரும்ப எழும்பி ப்ளோவருக்குப் போய்விடும். கதவு ரப்பர் பட்டி ஒட்டிக் கிளிப்பால் இறுக்குங்கள். பீப்பாய் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்.

வெளியேற்றும் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை நம் காற்றுதான் தீர்மானிக்கிறது. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், மே தொடங்கிக் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். இந்த இரண்டு பக்கத்தைப் பார்த்து வாயை வைத்தால் ஆண்டில் பாதி நாள் காற்று எதிர்த்துத் தள்ளும். வடமேற்கு அல்லது தென்கிழக்குப் பார்த்து, கூரை விளிம்புக்கு மேலே, கடைசியில் 45 பாகை முழங்கை போட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கள், மழைச்சாரல் ஏறாது. வாயில் அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடியுங்கள். அதைவிடச் சிறிய கண் தூளில் அடைத்துவிடும், வலையே இல்லாவிட்டால் குருவி கூடு கட்டும். திறந்த கிணறோ உடுப்புக் காயவிடும் கொடியோ அந்தப் பக்கம் இருந்தால் வாயை மாற்றுங்கள். பக்கத்து வீட்டு யன்னல் மூன்று நான்கு மீற்றருக்குள் இருந்தால் வெளியே தள்ளும் யோசனையையே விட்டு, 1 மைக்ரோன் பை போட்ட மெஷின்தான் நியாயம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: குழாயைக் கூரை வழியே எடுக்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் தகட்டைக் கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் நார், மரத்தூசியைவிடப் பல மடங்கு கொடியது. சுவரைத் துளைத்துக் கொண்டு போங்கள்.

வெளியே போகும் அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். ப்ளோவருக்கு எதிர்ச் சுவரில் குறைந்தது ஒரு அடிச் சதுரத் திறப்பு விடுங்கள். அப்போது நல்ல காற்று உங்களைக் கடந்து மெஷின் பக்கம் போகும்.

டேபிள் சோவின் அடிப்பெட்டியை மூடிக் குழாய் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. வாளின் பல் மேலே கொண்டுவரும் தூள் நேரே உங்கள் முகத்துக்குத்தான் வரும். மேற்கவசத்திலிருந்தும் ஒரு சிறு குழாய் எடுங்கள். மைட்டர் சோவின் பின்னால் பிளைவுட் பெட்டி கட்டிக் குழாய் வைத்தாலும் நிறையத் தப்பும்; மழையில்லாத நாட்களில் அதை வெளியே தூக்கி வைத்து, காற்று உங்களைப் பக்கவாட்டில் கடக்கும்படி நின்று அறுப்பதே நல்லது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தூள் சுழன்று முகத்துக்கே வரும். சான்டரை ப்ளோவரில் மாட்ட வேண்டாம். அதன் சிறு வாயால் இந்தக் காற்று ஓடாது. அதற்கு இழுவிசை கூடிய வேக்கியூம் கிளீனர் வேண்டும். அது உள்ளே நிற்பதால் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் அதற்குத்தான் தேவை. எம்.டி.எஃப். அறுக்கும்போது எல்லாம் ஓடினாலும் முகக்கவசம் கழற்றக் கூடாது. குறைந்தது என்95 வேண்டும், அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும்.

மின்சாரம்: 2 குதிரைவலு ப்ளோவர் 9 அம்பியர் அளவும் சோ கிட்டத்தட்ட அதேயளவும் இழுக்கும். வீட்டு இணைப்பு 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் தாங்கும், ஆனால் கொட்டிலுக்குத் தனி பிரேக்கரும் தனி வயரும் வேண்டும். 25 மீற்றர் தூரம் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 18 அம்பியர் போனால் 8 வோல்ட் விழும், 4இல் 5 வோல்ட். 4ஐயே இழுக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் வேண்டாம். ப்ளோவரை முதலில் போட்டு, வேகம் பிடித்த பிறகு சோவைப் போடுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் பிரேக்கர் விழும். நெளிகுழாய்க்குள் உள்ள கம்பியை மெஷினின் உடம்போடு இணைத்தால் கையில் நிலைமின் சுள்ளென்று அடிக்காது.

எல்லாம் பூட்டிய பிறகு, மூட்டுகளின் அருகே மெல்லிய டிஷூக் கீற்றைப் பிடித்துக் கசிவு பாருங்கள். ஊதுபத்தி வேண்டாம், நெருப்புப் பொறி உள்ளே போய்விடும். அதே காரணத்துக்காக இரும்பு உரசும் வேலை எதையும் இந்தக் குழாயோடு செய்யக் கூடாது. இரவில் விளக்கை அணைத்து, டோர்ச்சைக் கிடையாகப் பிடித்தபடி ஒரு பலகை அறுத்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் புகைபோலத் தெரிவதுதான் உங்கள் நுரையீரலுக்குப் போவது. அறுத்து முடித்தும் 10 நிமிடம் ப்ளோவர் ஓடட்டும்.

மாரி காலத்தில் பீப்பாயில் தூளை விட்டு வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டிபடும், கறையானும் வரும். வாராவாரம் கொட்டுங்கள். தேக்குத் தூளைத் தென்னை அடியில் போடலாம். முதிரைத் தூளையும் எம்.டி.எஃப். தூளையும் கோழிக் கூட்டிலும் தோட்டத்திலும் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எண்ணெய் துடைத்த துணியைப் பீப்பாய்க்குள் ஒருபோதும் போடக் கூடாது. லின்சீட் எண்ணெய் ஊறிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.