பி.காம். முடித்த பிறகு எம்.ஏ. சமூகவியல் படிக்கலாமா? அதில் என்னென்ன பிரிவுகள் உண்டு?

தாராளமாகப் படிக்கலாம். பெரும்பாலும் எந்தப் பட்டம் பெற்றவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. கோட்பாடுகளும் ஆய்வு முறைகளும் கட்டாயம். புள்ளியியலும் வரும், அது உங்களுக்குக் கைவந்த கலைதானே.

பிரிவுகளைப் புரிந்துகொள்ள மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு ஒரு விடியற்காலையில் போய் வாருங்கள். மல்லிகை விளைவிக்கும் விவசாயியின் கடனைக் கிராமச் சமூகவியல் ஆராயும். கமிஷன் கடைக்காரர் விலை வைப்பதில் உறவும் நம்பிக்கையும் எவ்வளவு என்பது பொருளாதாரச் சமூகவியலின் கேள்வி. வீட்டிலிருந்தே பூக்கட்டும் பெண்ணின் உழைப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்று பாலினச் சமூகவியல் கேட்கும். மருத்துவம், கல்வி, மக்கள்தொகை, நகரம் என்று இன்னும் பல உண்டு.

சாதி ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்து, 1957இல் நூலாக வெளியிட்டார். அவர் முடிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை; ஆனாலும் அவரைப் படிக்காமல் இத்துறையில் பேச முடியாது.

சமூகப்பணிப் படிப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது களத்தில் உதவுவதற்கான தொழிற்பயிற்சி. கல்லூரி ஆசிரியர் வேலைதான் குறி என்றால் தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வுக்கு முதல் ஆண்டிலேயே தயாராகுங்கள்.