நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் மூளைக்குக் காந்தத் தூண்டல் எடுத்துக்கொள்ளலாமா? நினைவாற்றல் கூடுமா?

நீங்கள் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். நினைவாற்றலுக்காக என்றால் வேண்டாம். முறையான ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் போவது வேறு. நான் போயிருக்கிறேன், தைரியமாகச் சொல்வேன்.

நான் டாக்டர் இல்லை. "ஒரு தடவை போனவள் பாடம் எடுக்கிறாள்" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜெர்மனியில் முதுகலை படித்தபோது ஓர் ஆய்வகத்தில் டிஎம்எஸ் (நீங்கள் கேட்ட அதே காந்தத் தூண்டல்) சோதனைக்கு ஆள் கேட்டார்கள். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு செய்துகாட்டிய முறை இது. சுருளில் கண நேரம் பலத்த மின்சாரம் பாயும். அதில் எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைக் கடந்து மூளையின் மேல்பகுதியில் சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும்.

நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பே கேள்விமேல் கேள்வி. வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா, தலைக்குள் உலோகக் கிளிப் இருக்கிறதா, காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், நேற்று இரவு சரியாகத் தூங்கினாயா? தூக்கம் கெட்டாலே வலிப்புக்கான வாய்ப்பு கூடும் என்பதால் அந்தக் கடைசிக் கேள்வி.

காதை அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தசை அசைவைப் பதிவுசெய்ய வலது கையில் மின்முனைகளை ஒட்டி, எட்டு வடிவச் சுருளைத் தலையின் இடப்பக்கம் வைத்தார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம், நெற்றியோரம் யாரோ சுண்டிவிட்ட மாதிரி. சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். ஓர் இடத்தில் என் பெருவிரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை! அடுத்த 'டக்'குக்கும் துள்ளியது. பத்துக்கு ஐந்து முறையாவது தசை பதில் சொல்கிற குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடித்து, அதை வைத்துத்தான் எனக்கான வீரியத்தை முடிவுசெய்தார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். முடிந்தபின் லேசான தலைவலி, ராத்திரிக்குள் போய்விட்டது.

பெரிய ஆபத்து வலிப்புதான். தொடர்ந்து வேகமாகத் துடிப்புகள் கொடுத்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஆரோக்கியமானவர்களுக்கே வந்திருக்கிறது. அதனால்தான் எவ்வளவு வேகம், எவ்வளவு வீரியம், எத்தனை நொடி என்று வரம்பு கட்டி 1998-இல் வழிகாட்டுதல் வந்தது. 2009-லும் 2021-லும் புதுப்பித்தார்கள். அந்த வரம்புக்குள் செய்தால் வலிப்பு மிக அரிது. பயத்தில் மயங்கி விழுவதுதான் அதைவிட அதிகம்.

பலன் என்று பார்த்தால், ஒருமுறை கொடுத்ததன் தாக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் ஒரே முறையில் கொடுத்தாலும் ஒருவருக்கு மூளை தூண்டலுக்குப் பதில் சொல்லும் அளவு கூடும், இன்னொருவருக்குக் குறையும். இதை நம்பித் தேர்வுக்குப் போவீர்களா? மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது நோயாளிகளுக்கு, வாரக்கணக்கில் கொடுக்கும் சிகிச்சையாக.

எனக்கு வலித்தது வேறு. இதை அம்மாவிடம் சொன்னேன், அம்மா பெரியம்மாவிடம் சொன்னார். "புள்ளைக்கு ஃபாரின்ல கரண்டு ஷாக் வச்சிருக்காங்களாம்" என்று ஊர் முழுக்கப் போய், அப்போது எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றது. ஷாக் சிகிச்சை மாதிரி இதில் தலையில் மின்முனை வைப்பதில்லை, மயக்க மருந்து இல்லை, முழு நினைவோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்று எவ்வளவோ விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. அப்படியே அது ஷாக் சிகிச்சையாக இருந்தால்தான் என்ன? நிஜமாகவே அது தேவைப்பட்ட எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை இதே பேச்சுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இத்தனை கேள்வி கேட்காமல் நேராகச் சுருளை எடுக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.