சமையற்காரி எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் விளையாட்டில், மூன்று வருடமாக எங்கள் நண்பர் குழுவுக்கு நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை ஓட்டும் ஆள். சென்ற ஆண்டு ஒரு சாகசம், அதாவது ஆடுவதற்கான ஒரு கதைத் திட்டம் எழுதினேன், 42 பக்கம். ஒரு பிரபுவின் மாளிகை, காணாமல் போன மகள், நூலக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த கடிதம், கடைசியில் சுரங்க அறையில் மோதல். எங்கள் மேசையில் அட்டகாசமாகப் போனது. கடிதத்தை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சமையற்காரி கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் ரசிகர் குழுவில் இலவசமாகப் பகிர்ந்தேன். ஒருவர், "தண்டவாளம் போட்டிருக்கிறீர்கள்" என்றார், பிளேயர்களுக்கு வேறு வழியே விடவில்லையாம். இன்னொருவர், "இதை நாவலாகவே எழுதியிருக்கலாமே" என்றார். மூன்றாமவர் ஓட்டிப் பார்த்தாராம், இரண்டாம் காட்சியிலேயே நின்றுவிட்டதாம். ஒரு வருட உழைப்பு. ரசிகர்களுக்குக் குறை சொல்ல மட்டும்தான் தெரியுமா? அந்த 42 பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழுவதும் படித்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தச் சமையற்காரியிடம் இருக்கிறது. 42 பக்கத்தில் அவள் எங்கேயும் இல்லை. ஆட்டம் முட்டி நின்றபோது அவளை வரவழைத்தது நீங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டிய மூன்றாமவருக்கு அவளைத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கடிதம் கிடைக்க 20 முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்திரத்தின் திறமைக்காகக் கிடைக்கும் கூட்டல் புள்ளி ஏதும் இல்லாதவருக்கு அது 30 சதவீத வாய்ப்பு. நான்கு பேர் உருட்டினாலும் நால்வருமே தவறவிடும் வாய்ப்பு 24 சதவீதம். ஏறக்குறைய நான்கு மேசைக்கு ஒரு மேசையில் உங்கள் சாகசம் நூலகத்தைத் தாண்டாது. அதுவும் அலமாரியைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால்தான்!

இந்த விளையாட்டுகளைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொல்லிப் பிரபலமான ஒரு விதி உண்டு. பிளேயர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றால், அதற்குக் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள் என்பது அது. மூன்றையும் நூலகத்திலேயே வைத்தால் பயனில்லை. ஒன்று தோட்டக்காரர் இரவில் பார்த்த விளக்கொளியாக இருக்கட்டும். இன்னொன்று லாயத்தில் சேறு காயாமல் கிடக்கும் சேணம். சமையற்காரியும் இருக்கட்டும், ஆனால் முதல் பக்கத்திலிருந்தே இருக்கட்டும். தினமும் இரண்டு பேர் சாப்பாடு கூடுதலாகக் கீழே போகிறது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்வாள், மிரட்டினால் சொல்ல மாட்டாள்.

இப்போது தண்டவாளம். 23ஆம் பக்கத்தில், "துரோகம் புரிந்ததும் அவர்கள் கோபத்தோடு சுரங்கத்துக்குள் இறங்குவார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. இறங்குவார்களா? பிரபுவிடமே பேரம் பேசினால்? மாளிகைக்குத் தீ வைத்தால்? என் அனுபவத்தில் தீ வைப்பவர்கள்தான் அதிகம். பிளேயர்களின் கோபத்தை நீங்கள் எழுத முடியாது, பிரபுவின் பயத்தை எழுதலாம். அவருக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கிடாவிட்டால் முதல் இரவு என்ன செய்வார், மூன்றாம் இரவு என்ன செய்வார், மாட்டிக்கொண்டால் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்களிடம் அவருடைய பாட்டனாரைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிளேயர்கள் பாட்டனாரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

வரைபடத்திலும் இதே கதைதான். சுரங்கத்துக்கு ஒரே படிக்கட்டு. விளையாட்டு வடிவமைப்பாளர் ஜெனல் ஜாக்குவேஸ் எழுதி 1979இல் வெளிவந்த 'கேவர்ன்ஸ் ஆஃப் திராசியா' என்ற சாகசத்தின் வரைபடத்தைப் பாருங்கள். நுழையப் பல வழிகள், தளங்களுக்கிடையே பல இறக்கங்கள், சுற்றி வந்து சேரும் பாதைகள். எங்கே போவது என்ற முடிவு அங்கே நிஜமாகவே பிளேயர்கள் கையில் இருக்கிறது. உங்கள் மாளிகைக்கு ஒரு கிணறு இருக்கிறதே, அதன் அடியில் ஒரு வழி வைத்தால் என்ன?

நாவல் என்றவரைப் பற்றி. வார்த்தை கடுமைதான், ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாவல் படிப்பதற்கு, சாகசம் இன்னொருவர் ஓட்டுவதற்கு. இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடியாக 1974இல் வந்த முதல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பெட்டியில் விதிகள் இருந்தன, முழுச் சாகசம் இல்லை. அவரவர் டன்ஜனை, அதாவது சாகசம் நடக்கும் நிலவறைகளை, அவரவரே வரைந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே ஆரிஜின்ஸ் விளையாட்டு விழாவில் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' போட்டிச் சாகசமாக ஓடியது. புத்தகமாக வந்தது 1978இல். போட்டி என்றால் ஒரே சாகசம் பல மேசைகளில் ஓட வேண்டும். எழுதியவர் ஒவ்வொரு மேசையிலும் உட்கார முடியாது. அதனால் அவர் தலைக்குள் இருப்பது முழுக்கத் தாளுக்கு வந்தாக வேண்டும். உங்கள் நிலைமையும் இப்போது அதுதான், கோப்பைப் பகிர்ந்த நிமிடத்திலிருந்து.

எனக்கும் இது பட்டுத்தான் புரிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய மடம் ஒன்றை வைத்து ஒரு சாகசம் எழுதி, நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். வாயே திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு பிளேயர், "கோபுர மணியை அடித்தால் யார் வருவார்கள்?" என்று கேட்டார். மணி உடைந்தது என்று நான் எழுதியிருந்தேன், 17ஆம் பக்கத்தில். நண்பர் அப்போது 9ஆம் பக்கத்தில் இருந்தார். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நாற்பது படகுகள் வருகின்றன" என்றார். என் மீதிச் சாகசம் அங்கேயே காலி. எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அந்த நாற்பது படகுகள் நான் எழுதியதைவிட நன்றாக இருந்தன. அடுத்த திருத்தத்தில் மணியை ரிப்பேர் செய்துவிட்டேன்.

ரசிகர்களுக்குக் குறை சொல்ல மட்டும்தான் தெரியுமா என்று கேட்டீர்கள். 1975இல் லீ கோல்ட் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற ரசிகர் இதழில் ஆளாளுக்குத் தங்கள் பக்கங்களை எழுதி அனுப்பி வந்தார்கள். போன இதழில் மற்றவர்கள் எழுதியதற்குப் பதிலும் அதிலேயே இருந்தது. விதியைக் குடைவது, அடுத்தவர் டன்ஜனில் ஓட்டை கண்டுபிடிப்பது எல்லாம் இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்த பழக்கம்.

ஆனாலும் உங்களுக்கு வந்த மூன்று கருத்துகளும் ஒரே எடையல்ல. முதல் இருவர் படித்தவர்கள். மூன்றாமவர் நான்கு பேரைக் கூட்டி ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து ஓட்டியிருக்கிறார். இலவசக் கோப்புக்கு அப்படி ஒருவர் கிடைப்பது சாதாரணமில்லை. அவருக்கு எழுதுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். பிளேயர்கள் என்ன கேட்டபோது ஆட்டம் நின்றது, அப்போது அவர் எந்தப் பக்கத்தைத் தேடினார் என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்த பிறகு திருத்துங்கள், நான் மேலே சொன்னதையும் அதற்குப் பிறகே சேருங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வாசலில் குரைக்கும் அந்த மூன்று கால் நாய் நன்றாக வந்திருக்கிறது. 6ஆம் பக்கத்துக்கு அப்புறம் அது எங்கே போயிற்று?