காலம் பின்னால் போனால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மங்கா கேள்வி-பதில்

ஜப்பானிய காமிக்ஸான மங்காவில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்திகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்’ நான்காம் பாகத்தின் வில்லன் கிராவைப் பற்றியவை. எனக்கும் அதைப் பற்றிப் பேசத்தான் அதிக ஆசை. ஒரு எச்சரிக்கை: கதைகளின் முடிவைத் தொடாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. படித்து முடிக்காத தொடரின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: கிராவின் ‘பைட்ஸ் தி டஸ்ட்’ எப்படி வேலை செய்கிறது? இரண்டு தடவை படித்தும் குழப்பமாகவே இருக்கிறது.

பதில்: குழப்பம் வருவது நியாயம்தான். ஒரே சக்திக்குள் மூன்று விதிகள் இருக்கின்றன, ஜோஜோவை எழுதி வரையும் ஹிரோஹிகோ அராக்கி அவற்றை ஒரே இடத்தில் சொல்வதில்லை.

முதலில் பின்னணி. கதை நடப்பது 1999-ம் ஆண்டு, மோரியோ என்ற கற்பனை ஊரில். யோஷிகாகே கிரா பல வருடங்களாகப் பெண்களைக் கொன்றுவருபவன். ஆனால் அவனுக்கு வேண்டியது அமைதியான, யார் கண்ணிலும் படாத வாழ்க்கை. ஹீரோக்கள் நெருங்கியதும் கோசாகு கவாஜிரி என்பவரின் முகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே குடியேறிவிடுகிறான். அந்த வீட்டுப் பையன் ஹயாத்தோவுக்கு 11 வயது. இது தன் அப்பா இல்லை என்று அவன் கண்டுபிடித்துவிடுகிறான். மாட்டிக்கொண்ட பதற்றத்தில் கிரா பையனைக் கொன்றுவிட, இனி தப்பவே முடியாது என்று உடைந்துபோகிற அந்த நேரத்தில் ஸ்டாண்ட் சக்தியை (ஆளோடு கூடவே நிற்கும் ஆவி போன்ற சக்தி) தரும் அம்பு அவனை இரண்டாம் முறை குத்துகிறது. அப்போது பிறப்பதுதான் ‘பைட்ஸ் தி டஸ்ட்’, அதாவது தொட்டதைக் குண்டாக்கும் அவனுடைய ‘கில்லர் குயின்’ ஸ்டாண்டின் மூன்றாவது குண்டு. செத்துப்போன ஹயாத்தோ மறுநாள் காலை எதுவும் நடக்காததுபோல் படுக்கையிலிருந்து எழுகிறான்.

இனி விதிகள். ஒன்று, இந்தக் குண்டை ஸ்டாண்ட் இல்லாத ஒரு சாதாரண ஆளுக்குள்தான் வைக்க முடியும். கிரா அதை ஹயாத்தோவுக்குள் வைக்கிறான். இரண்டு, ஹயாத்தோ மூலமாக யாராவது கிராவைப் பற்றித் தெரிந்துகொள்ள முயன்றால் அந்த ஆள் வெடித்துச் சாவார், காலம் சுமார் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மூன்றாவதுதான் கொடூரமானது. ஒரு சுற்றில் செத்தவர் அடுத்த சுற்றில் ஹயாத்தோவைச் சந்திக்கவே இல்லை என்றாலும் அதே நேரத்தில் செத்துப்போவார். காலைச் சாப்பாட்டு மேசையில் உடைந்த பாத்திரமும் திரும்ப உடைகிறது. மங்கா ஓவியரான கிஷிபே ரோஹான் முதலில் சாகிறார். பிறகு இந்தப் பாகத்தின் ஹீரோ ஜோசுகே, அவர் கூட்டாளிகள் ஜோட்டாரோ, கொய்ச்சி, ஒக்குயாசு எல்லோருமே ஒரு சுற்றில் வெடித்துப் போகிறார்கள். கதாநாயகர்கள் மொத்தப் பேரையும் ஒரே பக்கத்தில் கொன்றுவிட்டு, அதைப் பார்த்த ஒரே சாட்சியாக ஒரு பள்ளிக்கூடப் பையனை நிறுத்துகிறார் அராக்கி.

கேள்வி: சரி, ஆனால் சக்தியின் சொந்தக்காரனான கிராவுக்கே முந்தைய சுற்று ஞாபகம் இல்லையே? அது கதையின் ஓட்டை இல்லையா?

பதில்: ஓட்டை இல்லை. அந்தப் பகுதியே அந்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

காலத்தைத் திருப்பும் கதை எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்பதைத்தான். எத்தனை நிமிடம், எத்தனை வருடம் என்பதெல்லாம் அப்புறம். ஞாபகம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கதையின் உண்மையான நாயகர், ஏனென்றால் நடந்ததின் வலி முழுக்க அவரிடம் மட்டுமே மிஞ்சுகிறது. மற்றவர்களுக்கு அது நடக்கவே இல்லை.

கிராவின் ஆசையோடு இதைப் பொருத்திப் பாருங்கள். அவன் எதிரிகளை ஜெயிக்க விரும்பவில்லை, எதிரிகளே இல்லாத ஒரு காலையை விரும்புகிறான். எந்தக் கவலையும் இல்லாமல் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அவன் குண்டு அதைத்தான் தருகிறது. தன்னைத் தேடி வந்தவர்கள் யார், எப்படிச் செத்தார்கள் என்று அவன் தெரிந்துகொள்ளக்கூடத் தேவையில்லை. எல்லாப் பாரமும் ஹயாத்தோவின் தலையில். பையன் தன்னை மாய்த்துக்கொள்ளவும் முடியாது, குண்டே அவனைக் காப்பாற்றிவிடும்.

கிரா தோற்பதும் இதே காரணத்தால்தான். மூன்று சுற்றுகளை மனதில் சுமந்த பையன், காலையிலேயே ஜோசுகேயின் வீட்டுக்கு போன் போட்டு அவரைச் சீக்கிரம் கிளம்ப வைக்கிறான். கிராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதனால் குண்டும் வெடிக்காது. ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் கிரா தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல, அங்கே வந்து நிற்கும் ஜோசுகே அதைக் கேட்டுவிடுகிறார். கில்லர் குயின் ஹயாத்தோவுக்குள் இருக்கும்வரை கிராவுக்குத் தற்காப்பு கிடையாது. ஜோசுகே அடிக்க வருகிறார். வேறு வழியில்லாமல் கிரா குண்டை ரத்து செய்கிறான். ரோஹானின் சாவு நேரத்துக்குச் சற்று முன்பு அது நடப்பதால் அவரும் பிழைக்கிறார். கிராவுக்கு முந்தைய சுற்றுகள் ஞாபகம் இருந்திருந்தால் இந்த வலையில் விழுந்திருக்கவே மாட்டான்.

ஷோனென் (சிறுவர்களுக்கான) மங்காவில் சக்தியே இல்லாத ஒரு சின்னப் பையன் கடைசி வில்லனை மாட்டவைக்கும் இந்த அத்தியாயங்களுக்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகக் குறைவு. கதையின் திருப்புமுனை கிராவுக்குப் புதுச் சக்தி கிடைத்ததா, ஹயாத்தோ அந்த போனை எடுத்ததா என்று கேட்டால், நான் போனைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஜோசுகேயின் சக்தியும் உடைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறதே. அப்படியானால் ஹீரோ, வில்லன் இருவருக்கும் ஒரே சக்தியா?

பதில்: அருமையான கேள்வி. வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘கிரேஸி டயமண்ட்’ உடைந்த பொருளைச் சேர்க்கும், அடுத்தவர் காயத்தை ஆற்றும். ஆனால் ஜோசுகேயின் சொந்தக் காயத்தை ஆற்றாது, போன உயிரைக் கொண்டுவராது. பாகத்தின் தொடக்கத்திலேயே தாத்தா ரியோஹேய் கொல்லப்படுகிறார். காயம் மூடிவிடுகிறது, தாத்தா எழுந்திருக்கவில்லை. அந்தக் காட்சியைப் பதினைந்து பதினாறு புத்தகங்கள் கழித்து வரும் இறுதிக் கட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். போன உயிரைத் திரும்பக் கொண்டுவரும் சக்தி கொலைகாரனுக்குத்தான் கிடைக்கிறது, அவனோ அதைத் தன் தடயத்தை அழிக்க மட்டும் பயன்படுத்துகிறான். அராக்கி இதை ஆரம்பத்திலேயே திட்டமிட்டிருந்தாரா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. பக்கத்தில் அது இருக்கிறது, படிக்கிறவருக்கு வலிக்கிறது.

கேள்வி: காலத்தைத் திருப்புவது எழுத்தாளர் தப்பித்துக்கொள்ளும் குறுக்குவழி என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: சில இடங்களில் உங்கள் தம்பி சொல்வது சரி. 2015-ல் வந்த டிராகன் பால் படத்தில் வில்லன் ஃப்ரீஸா பூமியையே வெடிக்கவைத்துவிடுகிறான். உடனே விஸ் என்ற தேவதூதர் காலத்தை மூன்று நிமிடம் பின்னால் தள்ள, ஹீரோ கோக்கு வந்து அவனை முடித்துவிடுகிறார். பூமி போனதன் அதிர்ச்சி நமக்குள் இறங்குவதற்குள் பூமி திரும்ப வந்துவிடுகிறது. யாரும் எதையும் இழக்கவில்லை. அந்தப் பாத்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும், அந்தக் காட்சி பிடிக்காது.

இதற்கு எதிர்முனையில் ஜோஜோ ஏழாம் பாகம் ‘ஸ்டீல் பால் ரன்’ இருக்கிறது. 1890-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் குதிரைப் பந்தயக் கதை. அதில் ரிங்கோ ரோடகெய்ன் என்ற துப்பாக்கி வீரன் தன் கைக்கடிகாரத்தைத் திருகினால் காலம் சரியாக ஆறு வினாடி பின்னால் போகும். மூன்று நிமிடத்தோடு ஒப்பிட்டால் அற்பமான நேரம். ஆனால் இங்கே எதிராளிக்கும் ஞாபகம் இருக்கும். அதோடு, சண்டைக்கு முன்பே ரிங்கோ தன் சக்தியை எதிராளியிடம் வாய்விட்டு விளக்கிவிடுவான். நேர்மையான மோதலில்தான் மனிதன் வளர்கிறான் என்பது அவன் நம்பிக்கை. ஆகவே ஆறு வினாடி அவனுக்குத் தப்பிக்கும் வழி கிடையாது, இன்னொரு முறை நேருக்கு நேர் நிற்கும் வாய்ப்பு. கதையின் நாயகர்களான ஜைரோவும் ஜானியும் அந்தச் சண்டைக்குப் பிறகு பழைய ஆட்களாக இருப்பதில்லை. கிரா ஒளிந்துகொள்ள எடுத்த அதே சக்தியை ரிங்கோ வெளியே வந்து நிற்க எடுக்கிறான். தம்பியிடம் இந்தப் பாகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ப்ளீச்’ ஒரிஹிமேயின் குணப்படுத்தும் சக்தி காலத்தைத் திருப்புவதுதானே?

பதில்: இல்லை. பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றும். க்ரிம்ஜோவின் போன கை திரும்ப வரும் இடத்தில், நடந்த நிகழ்வையே மறுத்துவிடும் சக்தி அது என்று வில்லன் ஐசென் விளக்குகிறான்.

கேள்வி: ‘டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்’ அவ்வளவு நன்றாகத் தொடங்கி, முடிவில் ஏன் ஏமாற்றமாக இருந்தது?

பதில்: கென் வாகுயியின் இந்தத் தொடர் 2017-ல் ஆரம்பித்து 2022-ல் முடிந்தது, மொத்தம் 31 புத்தகங்கள். ஆரம்ப விதி மிகச் சுத்தமானது. 26 வயது நாயகன் தாக்கெமிச்சி, தன் முன்னாள் காதலியின் தம்பி நாவோத்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கினால் சரியாக 12 வருடம் முன்பு அதே தேதிக்குப் போவான். தேதி அவன் கையில் இல்லை. நேற்று தவறவிட்டதை இன்று பிடிக்க முடியாது, கடந்த காலத்திலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டுப்பாடுதான் ஒவ்வொரு சாவையும் கனமாக்கியது. பாஜியின் சாவை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் தாக்கெமிச்சியும் அவன் நண்பன் மைக்கியும் சிறுவர்களாகவே திரும்பிப் போய் எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறார்கள். மனதுக்கு இதம்தான், இத்தனை பேர் உயிரோடு சிரிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் இவ்வளவு தூரம் போக முடியும் என்றால், நடுவில் நாம் அழுத அழுகைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. விதியைத் தளர்த்தியபோது சாவின் கனமும் போய்விட்டது. உங்கள் ஏமாற்றம் நியாயமானது.

கேள்வி: ‘இரேஸ்ட்’ அனிமே மட்டும் பார்த்திருக்கிறேன். மங்காவும் படிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். கெய் சான்பேயின் மங்கா 2012 முதல் 2016 வரை வந்தது. 12 அத்தியாய அனிமே 2016-ன் தொடக்கத்தில், மங்கா முடியும் அதே சமயத்தில் ஓடியது. அதனால் பின்பகுதி மிகவும் சுருங்கிவிட்டது.

இதில் சக்தி தானாக வருகிறது. ஏதோ கெட்டது நடப்பதற்குச் சில நிமிடம் முன்பு நாயகன் சத்தோருவைத் தள்ளிவிடும், தவறு எங்கே என்று அவன் கண்டுபிடிக்கும்வரை விடாது. அம்மா கொல்லப்பட்டதும் அது அவனை 2006-லிருந்து 1988-க்கு, ஹொக்கைடோவில் பத்து வயதுப் பையனாகக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே கொல்லப்படவிருந்த வகுப்புத் தோழி கயோவைக் காப்பாற்றுகிறான். அதற்காகக் கொலைகாரன் கையில் மாட்டி, 15 வருடம் கோமாவில் கிடக்கிறான். விழித்துப் பார்த்தால் கயோ இன்னொருவரின் மனைவி, கையில் குழந்தை. அந்த உறவைக் காதலாக முடிக்காததற்காகச் சிலர் சான்பேயைத் திட்டுவார்கள். நான் அவர் பக்கம். பையன் காப்பாற்றியது அவள் வாழ்க்கையை, அந்த வாழ்க்கை அவளுடையது. கோமாவுக்குப் பிந்தைய மாதங்கள், இழந்த ஞாபகம் மெல்லத் திரும்புவது, இதெல்லாம் மங்காவில்தான் நிதானமாக வருகிறது.

கேள்வி: நான் சொந்தமாக ஒரு காமிக்ஸ் வரைகிறேன். ஹீரோ காலத்தைத் திருப்புவான். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எது தூண்டும், எவ்வளவு தூரம் போகும், யாருக்கு ஞாபகம் இருக்கும், என்ன போகும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் குறையுங்கள்.

அப்புறம், சக்தி தேய வேண்டும். யாசுகி தனாக்காவின் ‘சம்மர் டைம் ரெண்டரிங்’ இதற்கு நல்ல பாடம். நாயகன் ஷின்பேய் ஒவ்வொரு முறை செத்துத் திரும்பும்போதும் அவன் விழிக்கும் நேரம் கொஞ்சம் தாமதமாகத் தள்ளிப்போய்விடும். நேற்றுவரை காப்பாற்ற முடிந்த ஒருவரை இன்று முடியாமல் போகலாம். எதிரிக்கும் சுற்றுகள் பற்றித் தெரியவந்ததும் ஆட்டமே மாறுகிறது. 13 புத்தகங்களில் முடிந்துவிடுவது இன்னொரு நல்ல விஷயம்.

வரைவதைப் பற்றி ஒன்று. திரும்ப வரும் காட்சிக்குப் பழைய பக்கத்தை நகலெடுத்து ஒட்டாதீர்கள். அதே அறை, அதே மேசை, ஆனால் இப்போது ஞாபகம் உள்ளவரின் கண் எங்கே போகிறது என்று யோசித்து கோணத்தை மாற்றுங்கள். முதல் சுற்றில் மூலையில் கிடந்த ஒரு பொருள் இரண்டாம் சுற்றில் முன்னால் வரட்டும். வாசகருக்கு விளக்க வசனமே தேவைப்படாது.

கேள்வி: ஜோஜோ நான்காம் பாகத்தை நேராகப் படிக்கலாமா, முதல் மூன்றும் வேண்டுமா? அனிமே போதுமா?

பதில்: நேராகப் படிக்கலாம். ஜோட்டாரோ யார் என்பதற்கு மூன்றாம் பாகம் உதவும், அவ்வளவுதான். ஜப்பானியப் பதிப்பில் 29 முதல் 47 வரையான புத்தகங்கள். ஆங்கிலத்தில் விஸ் மீடியா ஒன்பது கெட்டி அட்டைத் தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. 2016-ல் வந்த 39 அத்தியாய அனிமேயும் நன்றாகவே இருக்கிறது. கிராவின் குண்டு ஓடும் கட்டத்தில் தொடக்கக் காட்சியையே பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள், அதை ஸ்கிப் செய்யாமல் பாருங்கள்.