மரத்தவளைக்கு ஒரு குட்டிக் காடு

கேள்வி: மரத்தவளைக்காகக் கண்ணாடித் தொட்டியில் செடி வைத்தேன். அடிமண் நாறுகிறது, கண்ணாடி எப்போதும் வேர்த்தே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீர் வடிய வழியில்லை, அதனால்தான் நாற்றம். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் நைலான் வலை, அப்புறம் உரம் கலக்காத தேங்காய் நார்த்தூள். வலையை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் தூள் கீழே இறங்கி மறுபடியும் சேறாகிவிடும்.

கண்ணாடி நாள் முழுக்க வேர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. மேல்மூடி கம்பிவலையாக இருக்கட்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும், நடுவில் இலைகள் காய வேண்டும்.

தொட்டி அகலத்தைவிட உயரமாக இருப்பது நல்லது. மரத்தவளை ஏறி வாழும் பிராணி. மணி பிளான்ட்டைச் சாய்வான கிளையில் படரவிடுங்கள். பகலில் அகலமான இலையில் கால்களை மடக்கி, கண்ணை மூடி அது ஒட்டிக்கொண்டிருக்கும் அழகை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன்!

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். கடைச் செடியில் பூச்சிமருந்து இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். வேரிலுள்ள பழைய மண்ணை முழுக்க அலசிவிட்டு நடுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரையே தெளியுங்கள். செடிகள் வேர்பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தவளை வேறு தொட்டியில் இருக்கட்டும்.