சமையல் கத்தியும் குற்றமாகலாம்: அமெரிக்க மாநிலங்களில் கத்திச் சட்டம்

கேம்பிங்குக்காக எட்டு அங்குலக் கத்தி வாங்கினேன். டெக்சஸில் தடை உண்டா?

வாங்கவும் வைத்திருக்கவும் தடையில்லை. 2017 செப்டம்பர் 1 முதல் பெரியவர்கள் அதை வெளியே எடுத்துச் செல்வதும் சட்டப்படி சரி. ஆனால் வெட்டும் பகுதி ஐந்தரை அங்குலத்தைத் தாண்டிய கத்தியோடு பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குள் போகக் கூடாது. திரும்பும் வழியில் கோயிலுக்குப் போனால் கத்தி காரிலேயே இருக்கட்டும். 18 வயது ஆகாத மகனிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறேன். சமையல் கத்தியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

கைதாகலாம். கலிபோர்னியாவில் மடங்காத கத்தியை உடலில் மறைத்து எடுத்துச் செல்வது குற்றம். குத்துவதற்கு உதவும் எந்தக் கத்தியும் இதில் மாட்டும். சமையலறைக் கத்தி என்பதால் விலக்குக் கிடைக்காது, நீளமும் கணக்கில்லை. உறையில் போட்டு இடுப்பில் வெளியே தெரியும்படி கட்டினால் மாநிலச் சட்டம் அதை மறைத்ததாகக் கருதாது. ஆனால் உங்கள் ஊரில் மூன்று அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கத்தியைப் பொது இடத்தில் வெளியே தெரியும்படி வைத்திருக்கவும் கூடாது. மறைத்தால் மாநிலச் சட்டம், காட்டினால் நகரச் சட்டம்! வேலை, பொழுதுபோக்கு, மதக் காரணங்களுக்கு நகரச் சட்டம் விலக்குத் தருகிறது.

மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான். டெக்சஸில் 2015-லேயே நகரங்கள் தனி விதி போடுவதைத் தடுத்துவிட்டார்கள். மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்தால் சாதாரண மக்களுக்குப் பெரிய உதவி.

நியூயார்க் நகர உணவகத்தில் சமையல்காரன் நான். சொந்தக் கத்திகளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம். நான்கு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கத்தி பொது இடத்தில் கூடாது என்பது நகர விதி. தொழிலுக்குத் தேவைப்படுகிறவர்கள் வேலைக்குப் போகும்போதும் நேராக வீடு திரும்பும்போதும் விலக்கு உண்டு. கத்தி வெளியே தெரியாமல் பைக்குள் இருக்கட்டும். வேலை முடிந்து வேறெங்காவது சுற்றப் போகும் நாளில் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திக்கு மாசசூசெட்ஸில் இன்னும் தடையா?

இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது.

காரில் பல மாநிலங்களைக் கடக்கப் போகிறோம். எந்தச் சட்டம் பொருந்தும்?

அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அதன் சட்டம். துப்பாக்கிக்கு 1986-ல் மத்திய அரசு தந்த பயணப் பாதுகாப்பு கத்திக்குப் பொருந்தாது. அதனால் கத்தியைப் பெட்டியில் பூட்டி, கை எட்டாதபடி டிக்கியில் வையுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அரிவாள்மனை கொண்டுவரலாமா?

கைப்பையில் கூடவே கூடாது. செக்-இன் பெட்டியில் வைக்கலாம். சோதிப்பவர் கையைக் கிழிக்காதபடி அலகைக் கெட்டியாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.