1,20,000 கி.மீ. ஓடிய காருக்குக் கெட்டியான ஆயில் தேவையா?

கேள்வி: என் பெட்ரோல் காரின் கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று போட்டிருக்கிறது. 1,20,000 கி.மீ. ஓடிவிட்டது. "வண்டி பழசு, இனி 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஓடிய தூரத்தை மட்டும் வைத்து கிரேடை மாற்றக் கூடாது.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. பின்னால் உள்ளது இன்ஜின் சூடானபின் இருக்கும் கெட்டித்தன்மை. 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. அதாவது முக்கால் மடங்கு கூடுதல். 5டபிள்யூ-30க்கென்று வடிவமைத்த பேரிங் இடைவெளியிலும் நுண்ணிய ஆயில் வழிகளிலும் இது தயங்கித்தான் ஓடும். ஸ்டார்ட் செய்ததும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் அதிகம் நடப்பதே அந்த நேரத்தில்தான். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின் என்றால் அந்த அமைப்பு மந்தமாகி, செக் இன்ஜின் விளக்கு எரியலாம். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

"பிரஷர் ஏறிவிட்டது பாருங்கள்" என்று கேஜைக் காட்டுவார்கள். ஏமாற வேண்டாம். ஆயில் ஓடத் தடை கூடினாலும் பிரஷர் ஏறத்தான் செய்யும்.

முதலில் ஆயில் குறைகிறதா என்று அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் செருகி எடுங்கள். 1,000 கி.மீ. ஓட்டியபின் அதேபோல் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரு கோடுகளுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். மட்டம் அசையவே இல்லையென்றால் கிரேடை மாற்றக் காரணமே இல்லை. குறைந்தால், இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை விட்டால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது விட்டால் பிஸ்டன் ரிங்கை. பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் கசியும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் சிறு வால்வு) அடைத்திருந்தாலும் ஆயில் குறையும், அதை மாற்ற அதிகம் செலவாகாது என்பதால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது. கெட்டி ஆயில் இவற்றில் எதையும் சரிசெய்யாது, கொஞ்சநாள் மறைத்து வைக்கும்.

கையேட்டின் அட்டவணையில் 5டபிள்யூ-40ம் இருந்தால், வெயில் காலத்திலோ பாரம் இழுக்கும்போதோ அதற்குப் போகலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று: 5டபிள்யூ-30 என்று போட்ட எல்லா டப்பாவும் ஒன்றல்ல. 150 டிகிரியில், வேகமாகச் சுழலும் பாகங்களுக்கு இடையே நசுங்கும்போது அளக்கும் கெட்டித்தன்மை ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரத்தின் ஏ5/பி5 வகையில் 2.9 முதல் 3.5 சென்டிபாய்ஸ் வரை, சி3 வகையில் 3.5க்குக் குறையாது. ஆகவே கிரேடோடு, கையேடு கேட்கும் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரம்) அல்லது ஏசிஇஏ குறியீடும் டப்பாவின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வழியில் மட்டம் கீழ்க்கோட்டுக்குப் போய்விட்டால் மட்டும், கிடைத்த கிரேடில் அரை லிட்டர் ஊற்றி ஓட்டலாம். ஆயில் குறைவாக ஓட்டுவதுதான் அதைவிட ஆபத்து.